மசுந்தே: ஆமைக் கரையில் ஒரு பகல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இசையும் நாடகமும் காத்திருக்கும் வேளையில் பேச எழுபவன் சுருங்கப் பேசுவதே முறை. செயலாளர் அவர்கள், 'மெக்சிகோ நாட்டிற்குச் சென்று வந்தீர்களே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்' என்று பணித்தார்கள். மெக்சிகோ பரந்ததொரு நாடு. அதன் பழம்பெருங் கோபுரங்களைப் பற்றியும் தலைநகரைப் பற்றியும் எழுதப்பட்ட நூல்கள் பல உள. ஆகவே அவற்றை விடுத்து, ஒரு பகற்பொழுது மட்டும் நான் கண்ட ஒரு சிற்றூரைப் பற்றியே பேச விழைகின்றேன். அதன் பெயர் மசுந்தே. பசிபிக் பெருங்கடலின் கரையில் உள்ள மீனவர் ஊர் அது.

உலகில் எத்தனையோ கடற்கரை ஊர்கள் இருக்க இதனைத் தேர்ந்தமைக்குக் காரணம் உண்டு. அவ்வூரார் எந்த உயிரைக் கொன்று கால் நூற்றாண்டுக்கு மேல் பிழைத்தார்களோ, அதே உயிரைக் காத்துப் பிழைக்கும் நிலைக்கு இன்று வந்திருக்கின்றார்கள். அவ்வுயிர் நாம் பிறந்த தமிழ்நாட்டின் கரைக்கும், நாம் வந்து வாழும் இந்த ஒடிசாவின் கரைக்கும் ஆண்டுதோறும் வருகின்ற உயிரே ஆகும்.

வழியும் ஊரும்

மெக்சிகோவின் தென்பகுதியில் வஹாக்கா என்பது ஒரு மாநிலம். மலை மிகுந்த அம்மாநிலம் தெற்கே பசிபிக் கடலில் இறங்கி முடிகின்றது. நம் கோவா எந்த அகலக்கோட்டில் உள்ளதோ, ஏறத்தாழ அதே கோட்டில்தான் அக்கரையும் உள்ளது. ஆதலின் அங்குள்ள வெயிலும் தென்னையும் நமக்குப் புதியன அல்ல. மேற்கே புவேர்த்தோ எஸ்கொந்தீதோ, கிழக்கே வட்டுல்கோ என்னும் இரண்டு ஊர்களிலும் விமான நிலையங்கள் உண்டு. இரண்டிற்கும் இடைப்பட்டது மசுந்தே.

நான் முதலிற் சொன்ன ஊரில் தங்கியிருந்து, விடியற்காலையில் நண்பர் ஒருவருடன் பேருந்து ஏறினேன். ஸ்பானிய மொழி அறிந்தவர் அவர். எனக்குக் காதும் வாயுமாக அன்று முழுதும் உதவினார். நெடுஞ்சாலையில் இறங்கி, ஊர்களுக்கிடையே ஓடும் சிறு லாரி ஒன்றில் ஏறிக்கொண்டோம். பின்புறத்தில் இரு வரிசைப் பலகை, மேலே ஒரு படுதா, பிடித்துக்கொள்ள ஒரு கம்பி, வண்டி அவ்வளவே. மூட்டைகளோடும் கூடைகளோடும் ஏறியிருந்த பெண்டிர் எங்களுக்கு நெருங்கி அமர்ந்து இடம் தந்தனர்.

ஊர் மிகச் சிறியது. ஒரு நீண்ட தெரு. அதிலிருந்து கடலுக்கு இறங்கும் சில சந்துகள். வீடுகளுக்கும் உணவுக் கடைகளுக்கும் பெரும்பாலும் பனையோலைக் கூரை. 'பலாப்பா' என்று அதனை அழைக்கின்றனர். நம் கீற்றுக் கொட்டகையைக் கண்டவர்க்கு அதனை விளக்கவேண்டுவது இல்லை. கரை ஓரிடத்தில் பாறைகளால் அணைக்கப்பட்டு, குழந்தைகளும் நீராடும்படி அமைதியாக இருக்கின்றது. சற்று மேற்கே சென்றால் அலைகள் ஆளைப் புரட்டும் வேகத்தோடு வந்து மோதுகின்றன. இரண்டிற்கும் நடுவே கடலுக்குள் நீண்டு நிற்கும் குன்று பூந்தா கொமேத்தா எனப்படும். வஹாக்கா மாநிலத்தின் தென்கோடி முனை அதுவே. மாலையில் ஞாயிறு மறைவதைக் காண உள்ளூராரும் வெளியூராரும் அதன்மேல் கூடுகின்றனர்.

நண்பகல் உணவை ஓலைக் கொட்டகை ஒன்றில் உண்டோம். மக்காச்சோள மாவைத் தட்டிச் சுட்ட அடை, அவரை வகையில் ஒரு மசியல், சுட்ட மீன், மிளகாய்த் துவையல் ஆகியவற்றை ஓர் அம்மையார் பரிமாறினார். குடிப்பதற்குப் புளியைக் கரைத்து இனிப்புச் சேர்த்த நீர் வந்தது. நம் பானகத்தின் உடன்பிறப்பு என்றே அதனைச் சொல்லலாம். இஃது எவ்வாறு நேர்ந்தது? 1565 முதல் 1815 வரை இருநூற்றைம்பது ஆண்டுகள் பிலிப்பைன்ஸ் தீவின் மணிலாவிற்கும் மெக்சிகோவின் அகபுல்கோவிற்கும் இடையே ஸ்பானியக் கப்பல்கள் ஓடின. அப்பாதையில்தான் ஆசியாவின் மாவும் தென்னையும் மெக்சிகோவின் மேற்குக் கரையில் இறங்கின. இன்றும் அங்கே ஒருவகை மாம்பழத்திற்கு மணிலா என்றே பெயர். மறுபுறம், மிளகாயும் தக்காளியும் கொய்யாவும் மக்காச்சோளமும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்தவை. மிளகை மட்டுமே அறிந்திருந்த நம் முன்னோர், வந்த விருந்திற்கு மிளகாய் என்று பெயரிட்டுக்கொண்டனர். நம் சமையலறைக்கும் அவர்கள் சமையலறைக்கும் உள்ள உறவு அத்துணைப் பழமையானது.

ஆமைத் தொழில்

மசுந்தே என்னும் பெயருக்கு இரு பொருள் கூறுகின்றனர். 'இங்கே முட்டையிட்டுச் செல்க' என்னும் பொருளுடைய நாவாத்தில் மொழித் தொடரிலிருந்து அது பிறந்தது என்பர் சிலர். கரையில் மிகுந்து காணப்படும் செந்நீல நண்டு ஒன்றின் பெயரே திரிந்தது என்பர் ஊர் முதியோர். எது மெய்யாயினும், முட்டையிட வந்த ஆமையே அவ்வூரின் வரலாற்றை எழுதியது.

1960-ஆம் ஆண்டுகளில் உலகச் சந்தையில் முதலைத் தோல் அருகிவந்தது. காலணிக்கும் கைப்பைக்கும் மாற்றுத் தோல் தேடிய வாணிகர் கண்ணில் கடலாமை பட்டது. மசுந்தேயை அடுத்துள்ள சான் அகுஸ்தினீயோ என்னும் ஊரில் ஆமை அறுக்கும் கூடம் எழுந்தது. வேலை தேடி மக்கள் வந்தனர், ஊர் பெருகியது. தோல், இறைச்சி, எண்ணெய், முட்டை என ஆமையின் ஒவ்வொன்றும் விலைபோயிற்று. பருவ காலத்தில் ஆமைகள் ஆயிரக்கணக்கில் அங்கே உயிரிழந்தன.

இவ்விடத்தில் ஒன்றைக் கருத்தில் கொள்ளவேண்டும். இது திருட்டுத் தொழிலாக நடந்தது அன்று. கூட்டுறவுச் சங்கங்களுக்கு அரசே உரிமம் வழங்கி, இத்தனை ஆமை பிடிக்கலாம் என்று அளவும் குறித்தது. மீனவன் அரசின் ஒப்புதலோடு, தன் வீட்டுக் கூழுக்காக உழைத்தான். ஆனால் ஆமைகள் குறைந்துகொண்டே வந்தன. மசுந்தேக்கு மேற்கே லா எஸ்கொபீயா என்றொரு கரை உண்டு. ஒரே இரவில் ஆமைகள் திரளாக ஏறிவந்து முட்டையிடும் இடங்களில் உலகிலேயே மிகப் பெரியவற்றுள் ஒன்று அது. அக்கரையில் 1988-ஆம் ஆண்டில் ஏறத்தாழ 50,000 கூடுகளே எஞ்சியிருந்தன.

கவிஞரும் சட்டமும்

தமிழ்ச் சங்கத்தில் கூடியிருக்கும் நாம் மகிழத்தக்க செய்தி ஒன்று இதில் உண்டு. ஆமைக்காக முதலில் குரல் எழுப்பியவர்களுள் முன்னின்றவர் ஒரு கவிஞர். ஒமேரோ அரிட்ஜிஸ் என்பது அவர் பெயர். 1985-இல் எழுத்தாளர்களையும் கலைஞர்களையும் ஒன்றுசேர்த்து 'நூற்றுவர் குழு' என்னும் அமைப்பை அவர் நிறுவினார். தலைநகரின் நச்சுக் காற்றை எதிர்த்துப் பிறந்த அக்குழு, பின்னர் ஆமைக் கொலையையும் எதிர்த்து எழுதியது. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் கண்டனம் பெருகியது. 1990 மே மாதத்தில், குடியரசுத் தலைவர் கார்லோஸ் சலீனாஸ் ஆட்சியில், எல்லாவகைக் கடலாமைகளையும் பிடிப்பதற்கும் விற்பதற்கும் நிலையான தடை ஆணையாக வெளிவந்தது. அறுக்கும் கூடம் மூடப்பட்டது.

அன்பர்களே, நாளிதழில் படிப்போர்க்குக் கதை அங்கே முடிந்துவிடும். ஊராருக்கு அன்றுதான் தொல்லை தொடங்கியது. மசுந்தேக்கு மேற்கே வெந்தானீயா என்னும் சிற்றூரில் அலையாத்திக் காடு சூழ்ந்த உப்பங்கழி ஒன்று உண்டு. அங்கே எங்களைத் துடுப்புப் படகில் அழைத்துச் சென்ற முதியவர் இளமையில் ஆமைத் தொழில் செய்தவர். தடை வந்த நாளைப் பற்றி அவரிடம் கேட்டேன். அவர் துடுப்பை நிறுத்தாமலே விடை சொன்னார். 'ஆமையைக் கொல்லாதே என்றார்கள், சரி. மறுநாள் காலையில் அடுப்பில் எதை ஏற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை' என்பதே நண்பர் எனக்கு மொழிபெயர்த்துக் கூறிய விடை. அவர் சொல்லில் சினம் இல்லை. ஆனால் அத்தனை ஆண்டுகள் கழிந்தும் அவர் அதனை மறக்கவில்லை என்பது தெரிந்தது.

பங்குனி ஆமை

தடைக்குப் பிறகு, மசுந்தேயிலேயே மெக்சிகோ ஆமை நிலையம் எழுந்து 1994-இல் மக்களுக்குத் திறக்கப்பட்டது. கொலைக்குப் பெயர்பெற்ற ஊரிலேயே ஆய்வுக்கும் காட்சிக்கும் உரிய நிலையத்தை அமைத்தது அறிவுடைய செயல். உலகில் உள்ள கடலாமை வகைகள் ஏழு. அவற்றுள் ஆறு மெக்சிகோவின் கரைகளுக்கு வருகின்றன. நிலையத்தின் கண்ணாடித் தொட்டிகளில் ஆமைகள் நீந்துவதை அருகில் நின்று காணலாம்.

ஒரு தொட்டியின் முன் நான் நெடுநேரம் நின்றேன். ஆலிவ் காயின் மங்கிய பச்சை நிறம். இதய வடிவான ஓடு. இரண்டடிக்குச் சற்று மேற்பட்ட நீளம். இதனை நம் மீனவர் பங்குனி ஆமை என்று அழைக்கின்றனர். நம் கிழக்குக் கரையில் தை முதல் பங்குனி வரை ஏறி முட்டையிடும் ஆமை இதுவே. பசிபிக் கரையில் உள்ளதும் வங்கக் கடலில் உள்ளதும் ஒரே இனம். லா எஸ்கொபீயாவில் இவை ஆனி, ஆடியில் தொடங்கித் திரள் திரளாக வருகின்றன. ஸ்பானியர் அதனை 'அர்ரிபாதா', அதாவது 'வருகை' என்பர். அவ்வொரு சொல்லையே உலக அறிவியலார் அனைவரும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

தாய் ஆமை தான் பிறந்த கரைப்பகுதியை நாடி வருகின்றது. நிலவுலகின் காந்தப் புலத்தை உணர்ந்து அது வழி அறிகின்றது என்பது ஆய்வாளர் துணிபு. இரவில் ஏறி, மணலில் குழி தோண்டி, ஏறத்தாழ 100 முட்டைகள் இட்டு, மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்புகின்றது. 45 முதல் 60 நாளில் மணலின் வெப்பமே அவற்றைப் பொரிக்கின்றது. மணல் மிக வெப்பமாயின் பெண் குஞ்சுகள் மிகும். குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் மிகும். உலகம் வெப்பமடைவது ஆமைக் குலத்தையும் இவ்வாறு தொடுகின்றது.

சங்கப் புலவர் இவ்வுயிரை அறிந்திருந்தனர். அகநானூற்றின் நெய்தற் பாடல் ஒன்றில், அடும்பங்கொடி படர்ந்த மணல் மேட்டில் ஆமை முட்டையிட்டு மறைப்பதும், குஞ்சு வெளிவரும் வரை ஆண் ஆமை அதனைக் காப்பதும் கூறப்படுகின்றன. அவ்வடும்பு மசுந்தேயின் பக்கத்துக் கரைகளிலும் ஊதா மலர் பூத்துப் படர்கின்றது. ஆனால் ஆண் ஆமை காவல் இருப்பதில்லை என்பது இன்றைய அறிவியல் கண்ட முடிவு. தாயும் தந்தையும் கடலில். முட்டை மட்டும் கரையில். நாயும் பறவையும் நண்டும் மனிதனும் அதற்குப் பகை. புலவர் ஆண் ஆமைக்கு அளித்த அக்காவற் பணியை மனிதர் சிலர் இன்று ஏற்றுள்ளனர். லா எஸ்கொபீயாவில் பணியாளரும் கடற்படையினரும் காவல் புரிகின்றனர். அதன் பயனையும் கேளுங்கள். 1988-இல் 50,000 ஆக இருந்த கூடுகள் 1994-இல் 7 இலட்சத்தைக் கடந்தன. 2000-ஆம் ஆண்டில் 10 இலட்சத்தையும் கடந்தன.

புதிய பிழைப்பு

ஆமை பெருகியது. அடுப்பின் கதை என்னாயிற்று? 1990-களில் 'தி பாடி ஷாப்' நிறுவனத்தை நிறுவிய ஆங்கிலப் பெண்மணி அனிதா ராடிக் அவர்களின் உதவியோடு, இயற்கை ஒப்பனைப் பொருள் செய்யும் கூட்டுறவு ஒன்று மசுந்தேயில் தோன்றியது. தேங்காய் எண்ணெய், எள், தேன்மெழுகு போன்ற பொருள்களைக் கொண்டு சோப்பும் தைலமும் அங்கே செய்கின்றனர். சாலையோரத்துச் சிறு கட்டடம் அது. வெந்தானீயாவிலோ ஊரார் கூடிக் கூட்டுறவு அமைத்து, உப்பங்கழியில் முதலையையும் பறவையையும் காட்டிப் படகு ஓட்டுகின்றனர். முதலைகள் அஞ்சி ஓடாதபடி துடுப்பால் மட்டுமே தள்ளுகின்றனர், இயந்திரம் இல்லை.

இதனால் எல்லாம் நன்மையாய் முடிந்தது என்று நான் சொல்ல வரவில்லை. 1997 அக்டோபரில் பாவ்லினா என்னும் பெரும்புயல் அக்கரையைத் தாக்கி, வீடுகளையும் அலையாத்திக் காட்டையும் சிதைத்தது. ஊரார் மீண்டும் கட்டினர். அலையாத்திக் கன்றுகளை மீண்டும் நட்டனர். 2015-இல் மெக்சிகோ அரசு மசுந்தேக்கு 'மாய ஊர்' என்னும் சுற்றுலாச் சிறப்புப் பட்டம் அளித்தது. விருந்தினர் பெருகினர், விடுதிகளும் பெருகின, குப்பையும் கழிவுநீரும் உடன்வந்தன. 2020-இல் கொள்ளைநோய் பரவி உலகெங்கும் பயணம் நின்றபோது, வருவோரை நம்பிய கரையூர்களின் வருவாயும் நின்றது. படகோட்டிய முதியவர் சொன்னதும் அதுவே: 'அன்று கடலுக்குப் போனால் ஏதேனும் கிடைக்கும். இன்று நீங்கள் வந்தால்தான் கிடைக்கும்.'

ஆயினும் பழைய தொழிலுக்குத் திரும்ப விருப்பம் உண்டா என்று கேட்டபோது, அவர் தலையசைத்து மறுத்தார். அந்த நாற்றம் கையை விட்டுப் போகப் பல ஆண்டுகள் ஆயின என்றார். தம் பேரப்பிள்ளைகள் ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடும் நாளில் பள்ளியிலிருந்து ஓடிவருவார்கள் என்பதை மட்டும் மகிழ்ச்சியோடு கூறினார்.

நம் கரை

இனி நம் கரைக்கு வருவோம். இந்த ஒடிசாவில் கஹிர்மாதா, தேவி ஆற்று முகம், ருஷிகுல்யா ஆற்று முகம் ஆகிய இடங்கள் பங்குனி ஆமையின் பெருங்கூடல்கள். கஹிர்மாதாவின் பெருமை 1974-இல் அறிவியல் உலகிற்குத் தெரியவந்தது. 1997-இல் அது கடற் சரணாலயம் ஆயிற்று. ஒரு காலத்தில் இக்கரையின் ஆமைகளும் வண்டிவண்டியாகக் கல்கத்தாச் சந்தைக்குச் சென்றன. சட்டம் அதனைத் தடுத்தது. 2025 பிப்ரவரியில் ருஷிகுல்யாக் கரையில் மட்டும் 6 இலட்சத்திற்கும் மேற்பட்ட ஆமைகள் ஏறி முட்டையிட்டன. கஞ்சம் மாவட்டத்து மீனவ ஊரார் இரவெல்லாம் கண்விழித்து அவற்றைக் காத்துவருகின்றனர்.

அதே 2025-ஆம் ஆண்டு சனவரியில், சென்னையை ஒட்டிய கரையில் பங்குனி ஆமைகள் நூற்றுக்கணக்கில் இறந்து ஒதுங்கின. ஆமை நீரில் வாழ்ந்தாலும் நுரையீரலால் மூச்சு விடுவது. இடையிடையே மேலே வந்தாக வேண்டும். விசைப்படகின் இழுவலையில் சிக்கிய ஆமை மேலே வர இயலாமல் மூச்சடைத்து மடிகின்றது. ஆமை தப்பிச் செல்ல வழியமைந்த கருவியை வலையில் பொருத்தலாம். பொருத்தினால் மீனும் சிறிது தப்பும் என்று மீனவர் அஞ்சுகின்றனர். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் அமைப்பொன்று கண்டு, இரவுதோறும் கரையில் நடந்து முட்டைகளைக் காத்துவருகின்றது. அவர்கள் கரையில் காப்பதைக் கடலில் வலை அழிக்கலாகாது.

ஒடிசாவில் நவம்பர் முதல் நாள் தொடங்கி மே இறுதி வரை ஏழு மாதம், இம்மூன்று கூடல்களுக்கும் எதிரே கரையிலிருந்து 20 கிலோமீட்டர் வரை மீன்பிடிக்கத் தடை உண்டு. தடை நல்லது. ஆனால் ஏழு மாதம் ஒரு மீனவன் வீட்டில் அடுப்பு எவ்வாறு எரியும்? மசுந்தே நமக்குக் காட்டும் பாடம் இதுவே என்று நான் கருதுகின்றேன். உயிரைக் காக்கும் சட்டம் இயற்றப்படும் நாளிலேயே, அச்சட்டத்தால் தொழில் இழப்பவனுக்கு மாற்று வழியும் வகுக்கப்படவேண்டும். அங்கே அவ்வழி சில ஆண்டுகள் பிந்தி வந்தது. அவ்விடைக்காலத்தின் சுமை முழுவதையும் ஏழைகளே சுமந்தனர். ஆமை காக்கப்படுவதன் நன்மை உலகம் முழுமைக்கும் உரியது என்றால், அதன் செலவையும் கரையில் வாழ்வோர் மட்டும் ஏற்பது முறையாகாது.

நம்மால் ஆவது என்ன என்று கேட்பீர்கள். நம் குடும்பங்கள் கோபால்பூருக்கும் பூரிக்கும் கடற்கரை உலா செல்வது வழக்கம். பருவ காலத்தில் இரவிற் செல்ல நேர்ந்தால் விளக்கொளியைக் கடலோரத்தில் வீசாதீர்கள். குஞ்சுகள் ஒளியை நோக்கித் திசைமாறிச் சாகும். கரையில் ஞெகிழிப் பையை விட்டுவராதீர்கள். மாசி, பங்குனியில் பிள்ளைகளை ருஷிகுல்யாவிற்கு அழைத்துச் சென்று, வனத்துறையார் சொல்லும் தொலைவில் நின்று காட்டுங்கள். அங்கே காவல் இருக்கும் மீனவரோடு நாலு வார்த்தை பேசுங்கள்; அவர்கள் ஊரில் தேநீரும் உணவும் வாங்கி உண்ணுங்கள். தடைக்கால உதவித்தொகை அவர்களுக்கு உரிய நாளில் சேரவேண்டும் என்னும் கோரிக்கை எழும்போது, நம் சங்கமும் அதற்குத் துணைநின்று ஒரு தீர்மானம் இயற்றலாம் என்பதனை இவ்வவையின் முன் வைக்கின்றேன். பிழைப்பு நாடி ஊர்விட்டு ஊர் வந்தவர்களின் சங்கம் இது. பிழைப்பின் அருமை நமக்குத் தெரியும்.